முதல் ஆய்வுப் போஸ்டருக்கு விண்ணப்பிப்பது எப்படி? சென்னையின் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருக்கும் ஒருவருக்குத் தம் ஆய்வகத்துக்கு வெளியே உள்ள அறிவியலாளர்களிடம் தம் வேலையைக் காட்டக் கிடைக்கும் முதல் வாய்ப்பு பெரும்பாலும் போஸ்டர்தான்: ஆய்வைப் படங்களோடு ஒரே பெரிய தாளில் அச்சிட்டு, மாநாட்டுப் பலகையில் ஏற்றி, அருகில் நின்று விளக்குவது. கிண்டி, தரமணி, அடையாறு, சேத்துப்பட்டு, பள்ளிக்கரணை என்று ஆராய்ச்சி நிறுவனங்கள் நிறைந்திருக்கும் சென்னையில் அந்த வாய்ப்புக்குத் தகுதியான இளைஞர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். ஆனாலும், நல்ல தரவுகளைக் கையில் வைத்துக்கொண்டே விண்ணப்பிக்காமல் விடுபவர்களையும், கடைசி நாள் இரவில் பழைய அறிக்கையிலிருந்து நான்கு பத்திகளை எடுத்து ஒட்டி அனுப்பிவிட்டு, நிராகரிப்பு வந்ததும் தம் ஆய்வையே சந்தேகிப்பவர்களையும் நான் தொடர்ந்து பார்த்து வருகிறேன். அவர்களுக்குக் கிடைக்காமல் போவது வழிமுறை பற்றிய தெளிவு மட்டுமே. மாநாட்டைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, அச்சகத்திலிருந்து போஸ்டரை வாங்கி வந்து பலகையில் ஏற்றுவது வரை, எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எதைக் காட்டப் போகிறீர்கள்?

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை வேண்டும். இந்தப் போஸ்டரைப் பார்த்துவிட்டு நகர்பவர் எந்த ஒரு முடிவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? இரண்டு ஆண்டு உழைப்பையும் ஒரே பலகையில் ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் ஒரு போஸ்டர் ஒரு முடிவைத்தான் தாங்கும். மாநாட்டில் எந்தப் பிரிவில் விண்ணப்பிப்பது, விண்ணப்பமாக அனுப்பும் ஆய்வுச்சுருக்கத்துக்கு என்ன தலைப்பு வைப்பது, நடுவில் எந்தப் படத்தைப் பெரிதாகப் போடுவது ஆகிய எல்லாத் தீர்மானங்களும் அந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கின்றன. அது தெளிவாக இல்லாதபோது, பின்னால் வரும் ஒவ்வொரு கட்டத்திலும் அதே தடுமாற்றம் வேறு வேறு உருவில் திரும்பி வரும்.

ஒரு முடிவை ஒரு படத்தில் சொல்ல முடியும் என்பதற்கு இந்த ஊரிலேயே பெரிய சான்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் வெளியிட்ட வரைபடத்தில் இருப்பவை இரண்டு கோணங்களும் ஒரு சதுரமும்தான். ஒரு புரதச் சங்கிலி எந்த மடிப்புகளை எடுக்க முடியும், எவற்றை எடுக்க முடியாது என்பதை அந்தச் சதுரம் ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறது. புதிதாகத் தீர்மானிக்கப்படும் புரதக் கட்டமைப்புகளைச் சரிபார்க்க உலகெங்கும் இன்றும் அது பயன்படுகிறது. நம் ஆய்வுக்கும் அப்படி ஒரு படம் உண்டா என்று தேடிப் பார்ப்பது, விண்ணப்பத்துக்கான முதல் தயாரிப்பு.

ஆய்வு முடிவடையும் வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதி வழியில் இருக்கும் வேலையை வைத்துக் கருத்துக் கேட்பதற்குப் போஸ்டர் மிகவும் ஏற்ற வடிவம். ஆனால் “முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்” என்று முடியும் ஆய்வுச்சுருக்கங்களை மதிப்பீட்டாளர்கள் விரும்புவதில்லை. பல மாநாடுகள் அவற்றை ஏற்பதே இல்லை. மீண்டும் செய்து பார்த்தும் மாறாத ஒரு முடிவும், அதைக் காட்டும் ஒரு படமும் கையில் இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

மாநாட்டைத் தேர்ந்தெடுத்தல்

முதல் போஸ்டரை உள்ளூரில் வைப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. ராமன் விளைவு 1928 பிப்ரவரி 28 அன்று கண்டறியப்பட்டதை நினைவுகூர்ந்து, 1987 முதல் அந்த நாள் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அதையொட்டிப் பல கல்லூரிகளிலும் ஆராய்ச்சி நிறுவனங்களிலும் போஸ்டர் போட்டிகள் நடக்கின்றன. துறைக்குள் நடக்கும் ஆய்வாளர் கருத்தரங்குகளும் உண்டு. அங்கே கேட்கப்படும் கேள்விகள்தாம் பெரிய மாநாட்டுக்கான ஒத்திகை.

அடுத்த கட்டம், உங்கள் துறைக்கான தேசிய அளவிலான அறிவியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். தோல் தொழில்நுட்பத்தில் இருப்பவர்களுக்கு அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் நடத்தும் லெரிக் கூட்டத்தைப் போல, ஒவ்வொரு துறைக்கும் ஆய்வாளர்களும் தொழில்துறையினரும் தவறாமல் கூடும் ஓர் இடம் இருக்கும். அது எது என்பதை நெறியாளரிடம் கேளுங்கள்; அல்லது நீங்கள் அதிகம் மேற்கோள் காட்டும் ஐந்து கட்டுரைகளின் ஆசிரியர்கள் எங்கே பேசுகிறார்கள் என்று பாருங்கள். ஆயிரக்கணக்கானோர் கூடும் பன்னாட்டு மாநாட்டில் முதல் போஸ்டர் கூட்டத்தில் தொலைந்துவிடக்கூடும். இருநூறு பேர் கூடும் சிறிய கூட்டத்திலோ, உங்கள் துறையின் முக்கியமான மனிதர்கள் தேநீர் இடைவேளையில் உங்கள் பலகையைக் கடந்துதான் போக வேண்டியிருக்கும்.

போலி மாநாடுகளைப் பற்றி இங்கேயே எச்சரிக்க வேண்டும். “மதிப்புக்குரிய பேராசிரியரே” என்று தொடங்கி, நீங்கள் பேராசிரியரே இல்லாதபோதும் உங்களைச் சிறப்புப் பேச்சாளராக அழைக்கும் மின்னஞ்சல்கள் உங்கள் பெயரில் முதல் கட்டுரை வெளிவந்த சில வாரங்களிலேயே வரத் தொடங்கும். ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பதிப்பு மற்றும் மாநாட்டு நிறுவனத்தின் மீது, ஆய்வாளர்களை ஏமாற்றிய குற்றச்சாட்டில், 2019இல் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம் 5 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்துமாறு உத்தரவிட்டது. இந்தத் தொழில் எவ்வளவு பெரியது என்பதை அந்தத் தொகையே காட்டும். ஒரு மாநாடு உண்மையானதா என்பதை அறிய நான்கு கேள்விகள் போதும். நடத்துவது அறியப்பட்ட அறிவியல் சங்கமா, பல்கலைக்கழகமா? முந்தைய ஆண்டுகளின் நிகழ்ச்சி நிரல் கிடைக்கிறதா? அமைப்புக் குழுவில் பெயர் உள்ள பேராசிரியர்களின் சொந்தப் பக்கங்களில் அந்த மாநாடு குறிப்பிடப்பட்டிருக்கிறதா? வேளாண்மை முதல் வானியல் வரை எல்லாவற்றையும் ஒரே கூட்டத்தில் சேர்த்திருக்கிறார்களா? ஆய்வுச்சுருக்கம் அனுப்பிய இரண்டே நாளில் ஏற்புக் கடிதமும் கட்டண ரசீதுப் படிவமும் வந்துவிட்டால், பணம் கட்டுவதற்கு முன் நெறியாளரிடம் காட்டுங்கள்.

நாட்காட்டியைப் பின்னோக்கி எழுதுதல்

பெரிய மாநாடுகள் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு நான்கு முதல் ஆறு மாதங்களுக்கு முன்பே ஆய்வுச்சுருக்கங்களைப் பெறுவதை முடித்துவிடுகின்றன. எனவே மாநாட்டுத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். டிசம்பரில் நடக்கும் மாநாட்டுக்கு ஜூன், ஜூலையில் சுருக்கம் அனுப்ப வேண்டியிருந்தால், சித்திரை வெயிலிலேயே சோதனையின் முடிவுகள் கையில் இருக்க வேண்டும். இறுதித் தேதிக்கு நான்கு வாரம் முன்பு முதல் வரைவு, மூன்று வாரம் முன்பு நெறியாளர் கைக்கு, இரண்டு வாரம் முன்பு இணையாசிரியர்கள் அனைவருக்கும், மூன்று நாள் முன்பு சமர்ப்பிப்பு என்பது பதற்றமில்லாத ஒரு கால அட்டவணை. நெறியாளர்கள் வேலைப்பளு மிக்கவர்கள். வரைவை அனுப்பும்போதே “இந்தத் தேதிக்குள் உங்கள் திருத்தங்கள் கிடைத்தால் உதவியாக இருக்கும்” என்று எழுதுவதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அனுமதிகள்

ஆய்வுச்சுருக்கத்தில் பெயர் இடம்பெறும் ஒவ்வொருவரும் இறுதி வடிவத்தைப் படித்து, எழுத்தில் சம்மதம் தெரிவித்திருக்க வேண்டும். மின்னஞ்சலில் “சரி” என்ற ஒரு வரி போதும், அதைப் பத்திரப்படுத்துங்கள். பெயர்களின் வரிசை, யார் முன்வைப்பவர் என்பவற்றையும் அதே மின்னஞ்சலில் தீர்த்துக்கொண்டால் பிறகு மனவருத்தம் வராது. மாதிரி சேகரிப்பில் உதவியவர், கருவியை இயக்கித் தந்தவர் ஆகியோரை ஆசிரியராகச் சேர்ப்பதா, நன்றி தெரிவிப்பதா என்பதை நெறியாளருடன் வெளிப்படையாகப் பேசி முடிவெடுங்கள்.

மனிதர்களைச் சார்ந்த ஆய்வு என்றால் நிறுவன நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் வேண்டும். மருந்து, சிகிச்சைப் பரிசோதனைகள் என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தின் எண்ணும் வேண்டும். 2009 ஜூன் முதல் அந்தப் பதிவு கட்டாயம். படிவத்தில் இதற்கென்று கட்டம் இருக்கும். கடைசி நேரத்தில் தேடக்கூடிய எண் அல்ல அது.

காப்புரிமை பெற வாய்ப்புள்ள வேலை என்றால் இன்னும் கவனம் தேவை. மாநாட்டில் போஸ்டர் வைப்பதும், ஆய்வுச்சுருக்கத் தொகுப்பு வெளியாவதும் பொதுவெளியில் வெளியிடுவதாகவே கருதப்படும். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970இன் 31ஆம் பிரிவு, அறிவியல் சங்கங்களில் வாசிக்கப்படும் கட்டுரை போன்ற சில வரையறுக்கப்பட்ட சூழல்களில் மட்டுமே 12 மாத அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அத்தகைய பொதுவான அவகாசம் கிடையாது. சந்தேகம் இருந்தால் ஆய்வுச்சுருக்கத்தை அனுப்புவதற்கு முன்பே உங்கள் நிறுவனத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவைச் சந்தித்து விடுங்கள். காப்புரிமை விண்ணப்பத்தை முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு போஸ்டர் வைப்பதே பாதுகாப்பான வழி.

ஆய்வுச்சுருக்கம் எழுதுதல்

தேர்வு நடப்பது இங்கேதான். மதிப்பீட்டாளர் உங்களைப் பார்க்கப் போவதில்லை, படங்களையும் பெரும்பாலும் பார்க்கப் போவதில்லை. அவர் முன்னால் இருப்பவை ஏறத்தாழ 250 முதல் 300 சொற்கள்தாம். அவரும் ஒரு நாள் மாலையில் இப்படிப் பல சுருக்கங்களை அடுத்தடுத்துப் படித்து மதிப்பெண் இட வேண்டியவர். ஆகவே அவர் தேடும் விஷயம் தேடாமலேயே கண்ணில் பட வேண்டும்.

ஒரு கற்பனை ஆய்வை எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீரில் நுண்நெகிழித் துகள்கள் பற்றி ஒருவர் ஆராய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். “பள்ளிக்கரணை நீரில் நுண்நெகிழிகள்: ஓர் ஆய்வு” என்று தலைப்பு வைத்தால், அவர் எந்தத் துறையில் இருக்கிறார் என்பது மட்டுமே தெரிகிறது. “வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பள்ளிக்கரணை நீரில் துணி இழை வகை நுண்நெகிழிகளின் பங்கு கூடுகிறது” என்று வைத்தால், அவர் என்ன கண்டார் என்பது தலைப்பிலேயே வந்துவிடுகிறது. இரண்டாவது தலைப்பு நீளமானதுதான். ஆனால் நூற்றுக்கணக்கான தலைப்புகள் கொண்ட பட்டியலை விரலால் தள்ளிக்கொண்டு போகும் ஒருவர் அதில்தான் நிற்பார்.

உடலை ஐந்து பகுதிகளாகப் பார்க்கலாம். முதலில் பின்னணி, இரண்டு வாக்கியங்களுக்கு மிகாமல். நமது உதாரணத்தில், 2022இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட ஒரு சதுப்பு நிலம் பெருநகரத்தின் மழைநீரையும் கழிவையும் ஒருசேர வாங்குகிறது என்று சொன்னால் போதும். உலகில் நெகிழி உற்பத்தி தொடங்கிய வரலாறு வேண்டாம். அடுத்து, இதுவரை தெரியாமல் இருப்பது எது, அதில் இந்த ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்ற ஒரு வாக்கியம். பெரும்பாலான சுருக்கங்களில் காணாமல் போகும் வாக்கியம் இதுவே, மதிப்பீட்டாளர் முதலில் தேடுவதும் இதையே. மூன்றாவது, முறை. எத்தனை இடங்கள், எந்த மாதங்கள், எத்தனை மாதிரிகள், எந்த அளவு கண்ணுள்ள வடிகட்டி, துகள்களின் வகையை அறிய ராமன் நிறமாலையா, அகச்சிவப்பு நிறமாலையா என்பவை சுருக்கமாக வர வேண்டும். கருவியின் மாடல் எண் வரை எழுதத் தேவையில்லை.

நான்காவது பகுதி முடிவுகள். மொத்தச் சொற்களில் ஏறத்தாழப் பாதியை இதற்குக் கொடுங்கள். “குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்தது” என்று எழுதுவதைவிட, எவ்வளவிலிருந்து எவ்வளவாக உயர்ந்தது, எத்தனை மாதிரிகளில், எவ்வளவு பிழை வரம்புடன் என்று எண்களாகவே எழுதுங்கள். புள்ளியியல் சோதனை தரும் பி மதிப்பை மட்டும் கொடுத்துவிட்டு, உண்மையான வேறுபாடு எவ்வளவு என்பதைச் சொல்லாமல் விடுவது பரவலாகக் காணப்படும் குறை. கடைசியாக, இதன் பொருள் என்ன என்ற இரண்டு வாக்கியங்கள்; அவற்றில் ஆய்வின் எல்லையையும் நேர்மையாகக் குறிப்பிடுங்கள். ஒரே ஒரு பருவமழையின் மாதிரிகளை வைத்துக்கொண்டு “சென்னையின் ஈரநிலங்கள் அனைத்தும்” என்று எழுதினால் அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அங்கேயே நம்பிக்கை இழந்துவிடுவார். இளம் ஆய்வாளர் ஒருவர் தம் தரவு எவ்வளவு தூரம் பேசும் என்பதை அறிந்திருக்கிறார் என்பது மதிப்பெண்ணைக் கூட்டவே செய்யும்.

மொழி பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான மாநாடுகளுக்கு ஆங்கிலத்திலேயே சுருக்கம் அனுப்ப வேண்டியிருக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்த ஆய்வாளர்கள் பலர் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கும்போது கருத்தை விட்டுவிட்டு வாக்கியத்தோடு போராடுகிறார்கள். மேலே சொன்ன ஐந்து பகுதிகளையும் முதலில் தமிழில், பகுதிக்கு ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். தமிழில் தெளிவாக வராத வாக்கியம் இருந்தால், அங்கே சிக்கல் மொழியில் இல்லை, எண்ணத்தில் இருக்கிறது என்று பொருள். அதைச் சரிசெய்த பிறகு ஆங்கிலத்தில் சிறு சிறு வாக்கியங்களாக எழுதுங்கள். எழுதி முடித்ததும் வேறு ஆய்வகத்தில் இருக்கும் நண்பர் ஒருவரிடம் கொடுத்து, “என் முக்கிய முடிவு என்ன?” என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் விடை நீங்கள் நினைத்ததோடு பொருந்தினால் சுருக்கம் தயாராகிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கொண்டு மொழியைத் திருத்துவதாக இருந்தால், அந்த மாநாட்டின் விதியை முதலில் படியுங்கள். சில மாநாடுகள் அதை அறிவிக்கச் சொல்கின்றன.

படிவத்தை நிரப்புதல்

நம் ஊர்க்காரர்களுக்கு முதல் சிக்கல் பெயரில் தொடங்குகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக முன்னால் வைப்பது நம் வழக்கம். படிவமோ முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நிரப்பச் சொல்லும். ஒரே ஆய்வாளர் ஒரு மாநாட்டில் “எஸ். கவிதா” என்றும், அடுத்ததில் “கவிதா எஸ்” என்றும், கட்டுரையில் “கவிதா சண்முகம்” என்றும் வந்தால், தேடுபவருக்கு அவர்கள் மூன்று பேர். உங்கள் அறிவியல் பெயர் எது என்பதை இந்த முதல் விண்ணப்பத்திலேயே தீர்மானித்து, கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். வெளிநாட்டு மாநாடு என்றால் கடவுச்சீட்டில் உள்ள வடிவத்தோடு அது பொருந்துவது நல்லது. விசாவுக்கான அழைப்புக் கடிதம் அந்தப் பெயரில்தான் வர வேண்டும். பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கவே 2012இல் தொடங்கப்பட்ட ஓர்கிட் என்ற 16 இலக்க அடையாள எண் இருக்கிறது. இலவசம், சில நிமிடங்களில் பெறலாம். இன்றே பெற்றுக்கொள்ளுங்கள்.

படிவத்தில் வாய்மொழி உரை, போஸ்டர், இரண்டில் எதுவானாலும் சரி என்று மூன்று தெரிவுகள் இருக்கக்கூடும். முதல் முறை விண்ணப்பிப்பவர் போஸ்டரைத் தேர்ந்தெடுப்பதில் எந்தக் குறைவும் இல்லை. பத்து நிமிட உரையில் இரண்டு கேள்விகள் கிடைக்கும். இரண்டு மணி நேரப் போஸ்டர் அமர்வில் உரையாடல்களே கிடைக்கும். மதிப்பீடு ஆசிரியர் பெயர் மறைத்து நடப்பதாக இருந்தால், சுருக்கத்தின் உடலில் நிறுவனத்தின் பெயர் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிரேக்க எழுத்துகளும் மேலொட்டு எண்களும் ஒட்டும்போது சிதையும். முன்பார்வைப் பக்கத்தில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். வரம்பு சொற்களிலா, இடைவெளியையும் சேர்த்து எழுத்துகளிலா என்பதையும் கவனியுங்கள்.

இறுதி நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி எழுதி வையுங்கள். இரவு 11.59 மணி என்று மட்டும் பார்த்துவிட்டு அதை நம் நேரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. “எனிவேர் ஆன் எர்த்” (உலகின் கடைசி நேர வலயத்திலும் அந்த நாள் முடியும் வரை) என்று குறித்திருந்தால் அது நமக்கு மறுநாள் மாலை 5.29 மணி. மத்திய ஐரோப்பிய நேரம் என்றால் குளிர்காலத்தில் மறுநாள் அதிகாலை 4.29, கோடையில் 3.29. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் என்றால் குளிர்காலத்தில் மறுநாள் காலை 10.29, கோடையில் 9.29. ஜப்பான் நேரம் என்றால் அதே நாள் இரவு 8.29க்கே வாசல் அடைபட்டுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இறுதித் தேதி வருமானால், புயல் சின்னமும் மின்வெட்டும் இணையத் துண்டிப்பும் நம் ஊரில் சாதாரணம் என்பதால், மூன்று நாள் முன்பே சமர்ப்பித்து, வரும் ஒப்புகை மின்னஞ்சலைப் பி.டி.எஃப் ஆகச் சேமித்து வையுங்கள்.

பணம்

2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப் எனப்படும் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதில் வீட்டு வாடகையும் சாப்பாடும் போக, வெளிநாட்டு மாநாட்டின் பதிவுக் கட்டணத்தைக் கைக்காசில் கட்டுவது நடக்காத காரியம். உதவித்தொகையே இல்லாமல் ஆய்வு செய்பவர்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம். ஆகவே நிதி தேடுவதை விண்ணப்பத்தின் ஒரு பகுதியாகவே கருதுங்கள்.

முதலில் மாநாட்டுக்குள்ளேயே தேடுங்கள். பல அறிவியல் சங்கங்கள் இளம் ஆய்வாளர்களுக்குப் பயண விருது வழங்குகின்றன. சில இடங்களில் அதற்கான விண்ணப்பம் ஆய்வுச்சுருக்கப் படிவத்திலேயே ஒரு சிறு தெரிவுக் கட்டமாக இருக்கும். அதைக் கவனிக்காமல் கடந்துவிட்டால் பிறகு கேட்க முடியாது. உலக வங்கியின் வருமான வகைப்பாட்டை வைத்துக் கட்டணத்தைக் குறைக்கும் மாநாடுகளும் உண்டு. இந்தியா கீழ்-நடுத்தர வருமான நாடுகளின் பட்டியலில் இருப்பதால் அந்தச் சலுகை நமக்கும் பொருந்தும். இணையதளத்தில் சலுகை பற்றி எதுவும் இல்லாவிட்டாலும், அமைப்பாளர்களுக்குப் பணிவான ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் தவறில்லை.

அடுத்தது அரசு நிதி. வெளிநாட்டு மாநாடுகளில் ஆய்வை முன்வைக்கச் செல்பவர்களுக்கு நம் மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்புகள் பயண உதவி வழங்கி வந்திருக்கின்றன: அறிவியல் மற்றும் பொறியியல் ஆராய்ச்சி வாரியம், சி.எஸ்.ஐ.ஆர், உயிரித் தொழில்நுட்பத் துறை, ஐ.சி.எம்.ஆர் ஆகியவை. முதலில் சொன்ன வாரியத்தின் இடத்தை, 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை எடுத்துக்கொண்டிருக்கிறது. இவை பொதுவாகக் கேட்பவை: ஏற்புக் கடிதம், ஆய்வுச்சுருக்கத்தின் நகல், மாநாட்டின் விவரம், நெறியாளர் மற்றும் துறைத் தலைவரின் பரிந்துரை, நிறுவனத் தலைவரின் கையெழுத்துடன் உரிய வழியாக அனுப்பப்பட்ட விண்ணப்பம். அந்தக் கையெழுத்துகளுக்காக அலுவலகக் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர எடுக்கும் காலத்தையும் கணக்கில் சேருங்கள். உங்கள் ஆய்வு உதவித்தொகையோடு வரும் தற்செயல் செலவு நிதியில் உள்நாட்டுப் பதிவுக் கட்டணத்தைக் கட்ட இயலுமா என்பதையும் அலுவலகத்தில் கேளுங்கள்.

இவற்றில் பல, செலவழித்த பிறகே பணத்தைத் திருப்பித் தருபவை. மத்திய அரசு நிதியில் விமானப் பயணம் என்றால் பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி ஆகிய அங்கீகரிக்கப்பட்ட முகவர்கள் வழியாகவே சீட்டு எடுக்க வேண்டும் என்ற விதி குறுக்கே வரலாம். சலுகை விலையில் வேறு தளத்தில் சீட்டு எடுத்துவிட்டுப் பிறகு கணக்குப் பிரிவில் நிற்பது வேதனையானது. சீட்டு எடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். போர்டிங் பாஸ், கட்டண ரசீது, பங்கேற்புச் சான்றிதழ் மூன்றையும் எறிந்துவிடாதீர்கள்.

ஏற்பும் நிராகரிப்பும்

முடிவு வந்ததும் ஏற்புக் கடிதத்தை முழுமையாகப் படியுங்கள். முன்வைப்பவர் குறிப்பிட்ட தேதிக்குள் பதிவுக் கட்டணம் செலுத்தாவிட்டால் சுருக்கம் நிகழ்ச்சி நிரலிலிருந்து நீக்கப்படும் என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும். செல்ல இயலாத நிலை வந்தால் உடனே எழுதித் தெரிவித்து விலகிக்கொள்ளுங்கள், அல்லது இணையாசிரியர் ஒருவரை அனுப்ப அனுமதி கேளுங்கள். வெற்றுப் பலகையை விட்டுச் செல்பவரின் பெயரை அமைப்பாளர்கள் மறப்பதில்லை.

வெளிநாடு என்றால் அன்றே அழைப்புக் கடிதம் கேளுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். நேர்காணலுக்கான நாள் கிடைப்பதே பெரும்பாடாக இருக்கும் காலங்கள் உண்டு என்பதால், கடைசி எல்லையை நம்பி இருக்காதீர்கள்.

நிராகரிக்கப்பட்டால், மதிப்பீட்டாளர் கருத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இடப் பற்றாக்குறையால் நல்ல சுருக்கங்கள் தள்ளப்படுவதும், தவறான பிரிவில் அனுப்பியதால் தள்ளப்படுவதும் நடக்கின்றன. அதே சுருக்கத்தை ஒரு வாரம் ஆறப்போட்டு, கேள்வி வாக்கியத்தையும் முடிவுப் பகுதியையும் திருத்தி, அடுத்த பொருத்தமான மாநாட்டுக்கு அனுப்புங்கள்.

போஸ்டரை உருவாக்குதலும் அச்சிடுதலும்

அளவை மாநாட்டின் வழிகாட்டுதலில் பார்த்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். ஏ0 என்றால் 841 மி.மீ. அகலம், 1189 மி.மீ. உயரம், அது நின்ற வாக்கிலா, படுத்த வாக்கிலா என்பது முக்கியம். படுத்த வாக்கில் செய்த போஸ்டர் குறுகிய பலகைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்பதை எத்தனையோ கூட்டங்களில் பார்க்கலாம். பவர்பாயிண்டிலோ இங்க்ஸ்கேப்பிலோ, பக்க அளவை முதலிலேயே அந்த மி.மீ. கணக்கில் அமைத்துக்கொள்ளுங்கள்.

மைக் மாரிசன் என்ற உளவியல் ஆய்வாளர் 2019இல் முன்வைத்த வடிவமைப்பு, முக்கிய முடிவை நடுவில் மிகப் பெரிய எழுத்தில் ஒரே வாக்கியமாகப் போடச் சொல்கிறது. அதை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதில்லை. நடுவில் வெறும் வாக்கியத்தைவிட, வாக்கியமும் அதைக் காட்டும் படமும் சேர்ந்து இருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. தலைப்பு ஐந்து மீட்டர் தூரத்திலிருந்தும், உடல் எழுத்து ஒன்றரை மீட்டரிலிருந்தும் படிக்க முடிய வேண்டும். ஏ0 அளவில் எழுத்தின் அளவைத் தலைப்புக்கு 85 புள்ளிக்கு (பாயிண்ட்) குறையாமலும், உடலுக்கு 28 புள்ளிக்குக் குறையாமலும் வைத்தால் இது நிறைவேறும். சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைத்து வரைபடம் போடாதீர்கள்; அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஒவ்வொரு கூட்டத்திலும் இருக்கிறார்கள். ஆய்வுச்சுருக்கத்தை அப்படியே போஸ்டரில் ஒட்டுவதும் வேண்டாம். போஸ்டரே ஒரு சுருக்கம்தான்.

அச்சிட நம் ஊரில் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் தெருமுனை ஃப்ளெக்ஸ் கடைகளில் உள்ள இயந்திரங்கள் தூரத்திலிருந்து பார்க்கும் பேனர்களுக்கானவை. நுண்ணோக்கிப் படங்களும் மெல்லிய கோடுகளும் அவற்றில் மங்கிவிடும். எக்கோ சால்வென்ட் அச்சிலோ, போட்டோ தாளிலோ அடித்துத் தரும் கடையைத் தேடுங்கள். விமானத்தில் செல்பவர்களுக்கு மடித்துப் பையில் வைக்கக்கூடிய துணி அச்சு வசதியானது. கோப்பை எப்போதும் எழுத்துருக்கள் உட்பொதிந்த பி.டி.எஃப் ஆகக் கொடுங்கள். மூலக் கோப்பைக் கொடுத்தால் கடைக்காரர் அதைத் தம் கோரல்டிராவில் திறப்பார்; மைக்ரோ குறியும் டிகிரிக் குறியும் கட்டங்களாக மாறிவிடும். திரையில் ஒளிரும் நீலம் அச்சில் சற்று மங்கி வரும் என்பதால், முதலில் ஏ4 அளவில் ஒரு வண்ணப் பிரதி எடுத்துப் பாருங்கள். அந்தப் பிரதியைக் கையில் பிடித்தபடி உங்களால் படிக்க முடிந்தால், பெரிய அளவில் எல்லோராலும் படிக்க முடியும். மாநாட்டுக்கு ஐந்து நாள் முன்பே அச்சிட்டு வாங்கிவிடுங்கள். மழைக்காலம் என்றால் குழாயில் வைப்பதற்கு முன் பாலித்தீன் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

பலகையின் முன்னால்

இரண்டு நிமிட விளக்கம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: கேள்வி, செய்தது, கண்டது, பொருள். முதலில் வீட்டில் ஒருவரிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். அறிவியல் படிக்காத அத்தைக்கோ சித்தப்பாவுக்கோ கேள்வி புரிந்துவிட்டால், அடுத்த ஆய்வகத்துப் பேராசிரியருக்கும் புரியும். ஒதுக்கப்பட்ட நேரம் முழுவதும் பலகையின் பக்கவாட்டில், படத்தை மறைக்காமல் நில்லுங்கள். வருபவரிடம் “நீங்கள் எந்தத் துறையில் வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுத் தொடங்கினால், எந்த அளவுக்கு விளக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். விடை தெரியாத கேள்விக்கு “இதை இன்னும் செய்து பார்க்கவில்லை” என்பது முழுமையான பதில். கேள்வியையும் கேட்டவர் பெயரையும் ஒரு சிறு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்; ஒரு வாரத்துக்குள் அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள்.

ஊர் திரும்பியதும், இணையாசிரியர்கள் சம்மதித்தால், போஸ்டரின் பி.டி.எஃப் கோப்பை ஜெனோடோ போன்ற திறந்த களஞ்சியத்தில் ஏற்றினால் அதை இணையத்தில் அடையாளம் காட்டும் நிரந்தரமான டி.ஓ.ஐ எண் கிடைக்கும். அந்த எண்ணைத் தன்விவரக் குறிப்பில் போஸ்டரின் தலைப்பு, மாநாடு, ஊர், ஆண்டு ஆகியவற்றோடு சேர்த்து எழுதுங்கள். பயண நிதிக்கான கணக்கையும் அறிக்கையையும், நிதி கொடுத்த அமைப்பு குறித்த காலக்கெடுவுக்குள் ஒப்படைத்துவிடுங்கள்.